இருபது புள்ளி ஒன்பது

கிழக்கு வெளுப்பதற்கு முன்பே யார்டில் வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறினால் டிரம்மின் வயிறு உப்பும். மண்ணெண்ணெய் ஆவி மூடியைத் தள்ளிக்கொண்டு கிளம்பும். நிரப்புகிற வேலை ஒன்பது மணிக்குள் முடிந்தாக வேண்டும். நிறைந்த டிரம்மை நேராக நிறுத்தித் தள்ள யாராலும் ஆகாது. ஒருபுறம் சாய்த்து, அடி விளிம்பில் நிற்கவைத்து, மேல் விளிம்பை இரண்டு கையாலும் சுற்றிக்கொண்டே பக்கத்தில் நடக்க வேண்டும். கை வழுக்கினால் கால் போய்விடும். அங்கே வேலை செய்த பதினொரு பேரில் மூன்று பேருக்குக் கால் பெருவிரலில் நகம் கிடையாது. பதினொரு பேருக்கும் உள்ளங்கைத் தோல் வெளுத்து, வெடித்து, சுண்ணாம்பு பூசியதுபோல் இருக்கும். சோற்றைப் பிசைந்தால் சோறு மண்ணெண்ணெயாக மணக்கும்.

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற சாலையில், சுண்ணாம்புக்கல் எடுத்துத் தீர்ந்த ஒரு பள்ளத்தின் கரையில் இருந்தது அந்த யார்டு. பிசுபிசுப்பான ஒரு ரசாயனத்தை மண்ணெண்ணெயில் கலந்து கரைப்பானாக்கி, டிரம்களிலும் டேங்க் கண்டெய்னர்களிலும் நிரப்பி அனுப்புவார்கள். கடற்கரை மணலிலிருந்து அருமண் உலோகங்களைப் பிரித்தெடுக்கும் ஆலைகளுக்கு அது போகும். செல்போனுக்கும் மின்சாரக் காருக்கும் அந்த உலோகம் வேண்டுமாம். யார்டில் அந்தக் கரைப்பானுக்கு ஒரே பெயர், எண்ணெய்.

கண்டெய்னரில் புது எண்ணெய் நிரப்பும் முன், அடியில் தேங்கிய பழையதைத் துடைத்தெடுக்க வேண்டும். பழையது கலந்தால் ஆலைக்காரர்கள் முழு லோடையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மேலே இருக்கும் வட்ட மூடியைத் திறந்து, ஒரு ஆள் துடைக்கிற பனியன் வேஸ்ட் துணியோடும் வாளியோடும் உள்ளே இறங்குவான். அதற்கு ஒரு பெர்மிட் உண்டு. உள்ளே ஆக்சிஜன் எவ்வளவு என்று மீட்டரில் அளந்து எழுத வேண்டும். மூடியருகே ஒருவர் காவல் நின்று கையெழுத்துப் போட வேண்டும்.

மீட்டரை அந்தப் பதினொரு பேரும் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறார்கள். மூன்று வருடத்துக்கு முன் ஆலையிலிருந்து சோதனைக்கு வந்த ஒருவர் அதைக் கையில் பிடித்துக் காட்டினார். இருபது புள்ளி ஒன்பது என்று காட்டியது. நல்ல காற்று என்றார். அவர் காரில் ஏறியதும் மீட்டர் ஆபீஸ் பீரோவுக்குள் போனது. பிறகு அதன் உயிரும் போனது. அன்றிலிருந்து பெர்மிட்டில் எல்லோரும் இருபது புள்ளி ஒன்பது என்றே எழுதினார்கள். காவல் முறை வாரம் ஒருவருக்கு. யாருடைய வாரமோ அவர் திங்கட்கிழமை காலையிலேயே ஆறு நாளைக்கும் சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு டிரம் உருட்டப் போய்விடுவார். காவல் நிற்க ஆள் ஏது?

உண்மையில் அளந்தது, எப்போதும் உள்ளே இறங்குகிற அமாவாசையின் மூக்கு. மூடியைத் திறந்து முகத்தை உள்ளே விட்டு இழுப்பார். ஆவி கனமாக இருந்தால், "ஒரு மணி நேரம் ஆறட்டும்" என்பார். லேசாக இருந்தால் இறங்குவார். பன்னிரண்டு வருடத்தில் அந்த மூக்கு தவறியதில்லை.

அந்த வியாழக்கிழமை துறைமுகத்திலிருந்து ஒரு புது மாதிரிக் கண்டெய்னர் வந்தது. விடிந்தும் விடியாத நேரத்தில் அமாவாசை ஏணியில் ஏறி மூடியைத் திறந்தார்.

"என்னண்ணே, குப்புனு அடிக்குதா?" கீழே ஃபோர்க்லிஃப்டில் இருந்த ஜெயசீலன் கேட்டான்.

"ஒண்ணுமே இல்லடா. கழுவிக் கவுத்த குண்டான் மாதிரி இருக்கு. தொடைக்கக்கூட வேணாம்போல. இன்னிக்கு நேரத்தோட வூட்டுக்குப் போயிடலாம்."

வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினார். வாளி விழுந்த சத்தம் கேட்டது. அதன் பின்னாலேயே அதைவிடக் கனமாக இன்னொரு சத்தம்.

ஜெயசீலன் ஏணியில் தாவி ஏறி ஒரு காலை உள்ளே விட்டுவிட்டான். பம்ப்பருகே இருந்த மணிமாறன் ஓடிவந்து, பின்னாலேயே ஏறி அவனுடைய பெல்ட்டைப் பிடித்தார். அந்த வாரக் காவல் முறை மணிமாறனுடையது.

"விடுண்ணே! கெடக்குறாருண்ணே!"

"எறங்காதடா! சொன்னா கேளு, எறங்காத!"

எதனால் பிடித்தோம் என்று மணிமாறனுக்கு அப்போது சொல்லத் தெரியாது. மண்ணெண்ணெய் ஆவி ஏறியவன் இருமுவான், வாந்தியெடுப்பான், புரளுவான். அமாவாசை எதுவும் செய்யவில்லை. குப்புறக் கிடந்தார். அவ்வளவுதான்.

தீயணைப்பு வண்டி வந்து, முகமூடியும் சிலிண்டரும் மாட்டிய ஒருவர் இறங்கித் தூக்கினார். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே உயிர் இல்லை. யார்டை விட்டுக் கிளம்பும்முன் தீயணைப்புக்காரர் கண்டெய்னரின் பக்கவாட்டில் கையகல மஞ்சள் ஸ்டிக்கரைக் காட்டினார். ஆங்கிலத்தில் இருந்தது. உள்ளே தீப்பிடிக்காமல் இருக்க நைட்ரஜன் அடைத்து அனுப்பியிருக்கிறார்கள். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. காற்றைத் துரத்திவிட்டுத் தான் நிறைந்திருக்கும். இரண்டு மூச்சு போதும். எதை நம்பி அமாவாசை பன்னிரண்டு வருடம் பிழைத்தாரோ, அன்று அதை நம்பித்தான் செத்தார்.

மூன்றாம் நாள் மணிமாறனை மட்டும் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். முதலாளி குருநாதன் உடையார்பாளையம் பக்கத்து நிலக்காரர். நிலத்தைச் சுண்ணாம்புக்கல்லுக்கு விற்ற பணத்தில் தொழிலுக்கு வந்தவர். குரலை உயர்த்திப் பேசமாட்டார்.

"உக்காருப்பா மணி."

மணிமாறன் நின்றார்.

"திங்கக்கெழம ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றாரு. விசாரணை. அமாவாசைக்கு நெஞ்சு வலி இருந்துச்சு. காலைலயே சொல்லிக்கிட்டுத்தான் இருந்தான். அப்பிடித்தான?"

"அப்பிடிச் சொல்லலீங்களே."

குருநாதன் பெர்மிட்டை மேசையில் தள்ளினார். "இது யாரு எழுத்து?"

"என்னுதுங்க."

"ஆக்சிஜன் இருபது புள்ளி ஒம்போதுன்னு போட்டிருக்க. அப்ப உள்ள காத்து சுத்தமா இருந்திருக்கு. சுத்தமான காத்துல ஒருத்தன் விழுந்து செத்தா அது நெஞ்சு வலிதான். இல்ல, நான் அளக்காமதான் எழுதுனேன், காவல் நிக்காமதான் கையெழுத்து போட்டேன்னு சொல்லப் போறியா? சொல்லு. அப்ப கொன்னது நீ. ஜெயிலுக்கு நீதான் போவ, நானில்ல."

"மீட்டரே இல்லீங்களே மொதலாளி."

"பீரோவுல இருக்கு. வாங்குன பில்லு இருக்கு. கேட்டியா நீ?"

"போன தீவாளிக்கு முன்னாடி கேட்டமுங்க. 'வாய வச்சிக்கிட்டு சும்மா இரு'ன்னீங்க."

"எழுதிக் கேட்டியா?"

குருநாதன் கை காட்ட, நெஞ்சு வலி என்று டைப் செய்த தாளை நர்மதா கொண்டுவந்தாள். ஆபீஸ் வேலைக்கு அவள் ஒருத்திதான். கடிதங்களும் பெர்மிட் கட்டுகளும் அவள் பொறுப்பு.

"அண்ணே, படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க," என்றாள் மெதுவாக.

"படிக்க அதுல என்ன இருக்கு?" என்றார் குருநாதன்.

"கண்ணாடி வூட்ல இருக்குங்க," என்று சொல்லிவிட்டு மணிமாறன் வெளியே வந்தார். அவர் கண்ணாடி போடுகிறவர் இல்லை.

அன்று மாலை திருமழபாடிக்குப் பஸ் ஏறினார். அமாவாசையின் வீடு கொள்ளிடக் கரைக்குப் போகும் தெருவில் இருந்தது. அவர் மனைவி சாந்தா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"தூக்கப் போன பையன நீங்கதான புடிச்சி இழுத்தீங்க?"

"ஆமாங்க அண்ணி."

"ஏன்?"

"அவனும் செத்திருப்பான்."

"செத்திருப்பானா, தூக்கியிருப்பானா, யாரு கண்டா?" அவள் அழவில்லை. "நெஞ்சு வலின்னு சொல்றாங்களாமே. பதினெட்டு வருசம் பக்கத்துல படுத்தவ நான். எனக்குத் தெரியாத நெஞ்சு வலி உங்க மொதலாளிக்கு எப்பிடித் தெரிஞ்சிது?"

மணிமாறன் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"கையெழுத்து போட்டுட்டீங்களா?"

"இன்னும் போடலீங்க."

"போட்டுடுங்க. உங்க பொண்டாட்டியும் இப்பிடி வந்து சொவத்துல சாயணுமா? அவரு திரும்பியா வரப் போறாரு?"

கோபத்தில் சொன்னாளா, மனதாரச் சொன்னாளா என்று அவருக்குப் புரியவில்லை. திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டே வந்தார். போட்டால் சாந்தாவுக்கு ஒன்றும் கிடைக்காது. வேலையில் செத்தவன் என்ற பெயர்கூட அமாவாசைக்கு இருக்காது. போடாவிட்டால் தன் எழுத்தே தன்னை உள்ளே தள்ளும். மூன்றாவது வழி அவருக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை யார்டுக்கு எதிரிலிருந்த டீக்கடையில் பத்துப் பேரும் கூடினார்கள். கூட்டம் என்று யாரும் கூப்பிடவில்லை. எங்கே போவதென்று தெரியாமல் வந்தவர்கள்தான். மணிமாறன் நடந்ததைச் சொன்னார்.

"போடுய்யா கையெழுத்த," என்றார் ஒருவர். "போனவன் போயிட்டான். இருக்கிறவன் பொழைக்கணுமில்ல."

"நாளைக்கு நீ போனாலும் இதயேதான் சொல்லுவோம், பரவால்லியா?" என்றார் பிச்சைமுத்து. ஐம்பத்தைந்து வயது, யார்டிலேயே மூத்தவர். நகம் போன மூன்று கால்களில் ஒன்று அவருடையது. "மணி, போன வாரம் உன் முறை. அதுக்கு முந்துன வாரம் யாரு?"

"நீங்கதான்."

"நான் என்னா நம்பர் எழுதுனேன்?"

பிச்சைமுத்து டீக் கிளாசைக் கீழே வைத்தார்.

"நான் இருபத்தஞ்சுன்னா எழுதுனேன்? இந்தா ஜெயசீலன், வரதராஜன்பேட்டையில ஞாயித்துக்கெழம தவறாம பூசைக்குப் போறவன். அவன் எழுதுனது மட்டும் நெசமா? ஏண்டா, பாவமன்னிப்புல இதச் சொன்னியா?"

"சும்மா இருங்கண்ணே," என்றான் ஜெயசீலன். ஆனால் சிரித்துவிட்டான். பிறகு சிரித்ததற்காகத் தலையைக் குனிந்துகொண்டான். "மணியண்ணன் புடிச்சி இழுக்கலன்னா நாளைக்கு என்னயும் நெஞ்சு வலின்னுதான் எழுதியிருப்பாங்க. இருபத்தாறு வயசுல நெஞ்சு வலி."

"மூணு வருசம் பத்துப் பேரும் பொய்யி எழுதியிருக்கோம்," என்றார் பிச்சைமுத்து. "மணி ஒருத்தன் போய்ச் சொன்னா, அவன் பண்ண தப்பு. பத்துப் பேரும் சொன்னா, இந்த யார்டுல நடக்கிற வேல அதுதான்னு ஆயிடும். வேல குடுக்கிறவன் பதில் சொல்லித்தான் ஆவணும்."

"பத்துப் பேரயும் உள்ள போட்டா?"

"போடலாம்."

"வேல போயிடும்."

"போயிடும். அதுல சந்தேகமே இல்ல."

பிச்சைமுத்து அப்படிச் சொன்னதுதான் மற்றவர்களை உட்காரவைத்தது. ஜெயிப்போம் என்று சொல்லியிருந்தால் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். பெரம்பலூர்ப் பக்கம் குருநாதனுக்கு இன்னொரு யார்டு உண்டு, அங்கேயும் இதே கதைதான் என்றான் ஜெயசீலன். அங்கிருக்கும் ரஞ்சித்குமாருக்குப் போன் போட்டான். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு அவன் ஒரு வார்த்தையும் சொல்லாமல் வைத்துவிட்டான்.

"பாத்தியா?" என்றார் முதலில் பேசியவர்.

திங்கட்கிழமை காலை அவர்கள் வந்தபோது கேட்டுக்குள் ஒரு வேன் நின்றது. டீக்கடைப் பேச்சு அதற்குள் குருநாதன் காதுக்கு எட்டியிருக்க வேண்டும். காண்ட்ராக்டர் எங்கிருந்தோ கொண்டுவந்த புது ஆட்கள் ஏற்கெனவே டிரம் உருட்டிக்கொண்டிருந்தார்கள். சாய்க்கத் தெரியாமல் நெஞ்சால் தள்ளினார்கள். பிச்சைமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, விளிம்புல நிறுத்து! கால உள்ள வைக்காத!" என்று கத்தினார். பிறகுதான், தன் வேலையை எடுத்துக்கொள்ள வந்தவனுக்கு வேலை சொல்லிக்கொடுக்கிறோம் என்பது உறைத்து, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். ஆபீஸ் அறையில் உட்கார்ந்து, குருநாதனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, மணிமாறனைக் கூப்பிட்டார். மணிமாறன் நெஞ்சு வலியைப் பற்றிச் சொல்லவில்லை. அளக்கவில்லை என்றார். காவல் நிற்கவில்லை என்றார். திங்கட்கிழமையே போட்ட கையெழுத்து என்றார். பேனாவை நிறுத்தி இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்தார்.

"இது உங்க மேலயே கேஸாகும். தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரியுங்க சார்."

அவர் வெளியே வந்ததும், கூப்பிடாமலே பிச்சைமுத்து உள்ளே போனார். பிறகு ஜெயசீலன். பிறகு, போடுய்யா கையெழுத்தை என்று சொன்னவர். குருநாதன் வராந்தாவில் நின்று ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒரு வார்த்தை மட்டும் சொன்னார்: "இந்த ஜில்லாவுல எவனும் உங்களுக்கு வேல தரமாட்டான்." அது வெறும் மிரட்டல் இல்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

நான்காவது ஆளுக்குப் பிறகு இன்ஸ்பெக்டர் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"எல்லாரும் ஒரே விஷயத்தச் சொல்றீங்க. இன்னும் எத்தன பேரு?"

"இங்க ஆறு பேரு சார்," என்றான் ஜெயசீலன். கையில் போன் இருந்தது. "பெரம்பலூர் யார்டுலேருந்து ஒம்போது பேரு பஸ் ஏறிட்டாங்களாம். பேரளி தாண்டிட்டாங்க. அவங்களும் எழுதிக் குடுக்கணுமாம்."

இன்ஸ்பெக்டர் கையிலிருந்த தாள்களைப் புரட்டிப் பார்த்தார். இரண்டுதான் மிச்சம். "ஏம்மா, வெள்ளப் பேப்பர் இருக்கா?"

நர்மதா உள்ளே போய்ப் பிரிக்காத கட்டு ஒன்றை எடுத்து வந்தாள். உறையைக் கிழித்து மேசையில் வைத்தாள். தன் நாற்காலிக்குத் திரும்பாமல் வராந்தாவுக்கு வந்து, வரிசையில் கடைசி ஆளுக்குப் பின்னால் நின்றாள்.

"நீ எங்கம்மா போற?" என்றார் குருநாதன்.

"நானும் சொல்லணும் சார்," என்றாள் அவள். "மீட்டர் இருக்கிற பீரோ சாவி என்கிட்டதான இருக்கு."