சேற்றில் இறங்கிய டிராக்டர்

தேவதர்ஷினிக்குத் தெரியாத ஒரே வேலை, சும்மா இருப்பது. பாழாய்ப்போன பரீட்சை அதைத்தான் கேட்டது.

திட்ட மேலாண்மைச் சான்றிதழ்த் தேர்வு அது. கள்ளக்குறிச்சியில் அவள் வேலை பார்க்கும் கம்பெனிக்குக் கரியாலூர் மலைச்சாலை வேலை கிடைத்திருந்தது. தேறினால் அதற்கு அவள்தான் மேலாளர். ஏற்கெனவே இரண்டு முறை தோற்றாயிற்று. இந்த முறையும் கோட்டைவிட்டால் வேறு ஆள் வந்துவிடுவார்.

மாதிரித் தேர்வு எத்தனை எழுதினாலும் ஒரே இடத்தில் சறுக்கினாள். வேலை தடைப்பட்டால் மேலாளர் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், இறங்கிக் கைகொடுக்க வேண்டும் என்பதையே தேர்ந்தெடுப்பாள். முதலில் நிலைமையை ஆராய வேண்டும் என்பதுதான் விடை. கூலி வேலைக்குப் போகிற வீட்டில் பிறந்தவளுக்கு, நாலு பேர் பாடுபடும்போது பார்த்துக்கொண்டிருப்பது திருட்டுக்குச் சமம்.

தேர்வுக்கு நாலு நாள் இருக்கும்போது மூங்கில்துறைப்பட்டுக்கு, வீட்டுக்குப் போனாள். தங்கை மலர்விழி கரும்புத் தோட்டத்தில் இருந்தாள். அக்கா படிக்கட்டும் என்று பத்தாவதோடு நின்றவள். இப்போது பதினாலு வெட்டாட்களுக்கு மேஸ்திரி. அக்கா தோட்டத்துக்குப் போய்ச் சேரவும், கரும்பு ஏற்றிய டிராக்டர் வாய்க்கால் சேற்றில் இறங்கவும் சரியாக இருந்தது.

தேவதர்ஷினி கையிலிருந்த தேர்வுப் புத்தகத்தை வரப்பில் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தோள்கொடுத்தாள். ஆட்களெல்லாம் சேர்ந்து முக்கித் தள்ளினார்கள். சக்கரம் இன்னும் புதைந்தது. மலர்விழியோ வரப்பில் குந்தி வேடிக்கை பார்த்தாள். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தாள் மலர்விழி. முதலில், மேற்கொண்டு வெட்ட வேண்டாம் என்றாள். வெட்டிய கரும்பு வெயிலில் கிடந்தால் எடை போய்விடும். ஆலைக்குப் போன் போட்டு, வரத் தாமதமாகும் என்றாள். பக்கத்து வயல் சிவசங்கரிடம் இரண்டு மாட்டுவண்டி கேட்டு வாங்கினாள். பாதிச் சுமை வண்டிகளுக்கு மாறியது. காய்ந்த கரும்பு இலைச் சோகையை அள்ளிச் சக்கரத்தடியில் திணித்ததும் டிராக்டர் முனகிக்கொண்டே மேலேறிவிட்டது. இவ்வளவுக்கும் அவள் குரல் உயரவே இல்லை.

முழங்கால் வரை சேற்றோடு தேவதர்ஷினி தங்கையைப் பார்த்தாள். மூன்று வருஷமாகப் புத்தகம் புத்தகமாகத் தேடியது, ஒரே பாயில் படுத்து வளர்ந்தவளிடம் இருந்திருக்கிறது. அவளுக்கு வியப்பாக இருந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

"நீ ஏன்டி தள்ள வரல?"

"எல்லாரும் தள்ளிக்கினே இருந்தா, யாரு பாக்கறது, அக்கா?"

தேர்வில் அதே கேள்வி வேறு வேஷத்தில் வந்தது. பழக்கதோஷத்தில் கை மவுஸுக்குப் பாய்ந்தது. கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, மலர்விழி மாதிரி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகுதான் விடையைத் தேர்ந்தெடுத்தாள்.

தேறிவிட்ட சேதியைப் போனில் சொன்னபோது, அந்தப் பக்கம் கரும்பு வெட்டும் சத்தம் நின்றது.

"அப்ப இனிமே தள்ள வரமாட்டியாக்கா?"

புது மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க சொன்னா வரேங்க, மேஸ்திரி."