பயன் பெற்றவள்

"நாளைக்கு விழாவுக்கு யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு வராதேம்மா. வீட்டுல போடுற ஏதாவது பாவாடை சட்டை போதும்."

டீச்சர் வாசலுக்கு வெளியே நின்றபடியே சொன்னார். மற்ற நாட்களில் நேரே உள்ளே வந்து பாயில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவார். இன்றைக்குப் படியில்கூடக் கால் வைக்கவில்லை.

வாயாடிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வாயாடி என்பது டீச்சர் செல்லமாக வைத்த பெயர்தான். நாளடைவில் பள்ளிக்கூடமே அவளை அப்படித்தான் கூப்பிட்டது.

"யூனிஃபார்ம் இல்லாம எப்படி டீச்சர் மேடையில பேசறது?"

டீச்சர் அவள் முகத்தைப் பார்க்காமல், அடுப்படியில் நின்ற அம்மாவைப் பார்த்தார்.

"பேசப்போறது மருந்துக்கடைக்காரர் பொண்ணு. நீ கீழ பிள்ளைங்களோட உட்காரு. மேயர் ஸ்கூல் பை குடுப்பார், வாங்கிக்கோ. பயன் பெற்றவங்க சார்பா ரெண்டு வார்த்தை நன்றி சொல்லிடு."

"நானா? நான் சேவை டீம்ல இருக்கிறவ டீச்சர்!"

"தெரியும்மா. ஹெட்மாஸ்டர் சொல்றார். சேவை செய்யறவங்க யாரு, வாங்கிக்கிறவங்க யாருன்னு பார்க்கிறவங்களுக்குத் தெரியணுமாம். நீ இந்தத் தெருப் பொண்ணுதானே, உனக்கு என்ன கஷ்டம்?"

அந்தத் தெருவை ஊரில் கக்கூஸ் தெரு என்பார்கள். ஊரின் கழிவறைகளைக் கழுவுகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். ஊரின் அழுக்குத் தண்ணீர் முழுக்க அவர்கள் வீடுகளுக்குப் பின்னால்தான் ஓடியது. மழை பிடித்துக்கொண்டால் வீட்டுக்குள்ளேயே ஓடியது. அம்மாவுக்கும் அதே வேலைதான், மகள் படிக்கும் அதே பள்ளிக்கூடத்தில்.

மாணவர் சேவைத் திட்டத்துக்கு இடம் தேடியபோது, "எங்க தெருவுக்கு வாங்க டீச்சர்" என்று முதலில் வாயைத் திறந்தவள் வாயாடிதான். தெருமுனையில் இடிந்து கிடந்த பம்ப் அறையைச் சுத்தம் செய்து, சுண்ணாம்பு அடித்து, சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பறை ஆக்கினார்கள். மருந்துக்கடைக்காரர் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தவள், போகப் போக அவளோடு ஒரே டப்பாவில் சாப்பிடுகிற அளவுக்கு ஒட்டிக்கொண்டாள்.

மேயரைக் கூப்பிடலாம் என்றதும் வாயாடிதான். மாநகராட்சி அலுவலகத்தில் வெயிலில் காத்துக் கிடந்து, காவலாளி விரட்ட விரட்டத் திரும்பப் போய் நின்று, கடைசியில் மேயரையே நேரில் பார்த்து வாயாரக் கூப்பிட்டுவிட்டு வந்தாள். படிப்பறையைப் பார்க்க வருகிறவர் பின்பக்கத்துச் சாக்கடையையும் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் போதும், விடிவு பிறக்கும் என்று நம்பினாள்.

டீச்சர் போனதும் அவள் பொரிந்து தள்ளினாள். "யூனிஃபார்ம்லதான் போவேன். என்ன பண்ணிடுவாங்க?"

அம்மா அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். காலையில் வாயாடி எழுந்து பார்த்தபோது, யூனிஃபார்ம் வாளித் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது.

"அம்மா! நீயுமா?"

"என்னை என்னடி பண்ணச் சொல்ற? அவங்க நினைச்சா நாளைக்கே என்னை நிப்பாட்டிடுவாங்க. அப்புறம் உன் படிப்பு எங்க, நம்ம சோறு எங்க?" அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

வாயாடி பழைய பாவாடையைக் கட்டிக்கொண்டு போய்ப் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்தாள். படிப்பறைக்கு முன்னால் போட்டிருந்த மேடையில் மருந்துக்கடைக்காரர் மகள் பேசினாள். பேச்சு முழுக்க வாயாடி எழுதிக் கொடுத்ததுதான். ஒரே ஒரு வார்த்தைதான் மாறியிருந்தது. "மழை வந்தால் எங்கள் வீட்டுக்குள் சாக்கடை வரும்" என்று அவள் எழுதியது, "இவர்கள் வீட்டுக்குள்" என்று ஆகியிருந்தது. சாக்கடை எந்தப் பக்கம் என்று மட்டும் மேயருக்கு யாரும் காட்டவில்லை. பேசி முடிக்கும்வரை தோழி ஒரு தடவைகூட இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பை வாங்க வாயாடியைக் கூப்பிட்டார்கள். மேயருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

"நல்லாப் படிக்கணும்மா" என்றார், கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

"படிக்கிறேன் சார். பத்தாவது. இதே ஸ்கூல்தான். உங்களைக் கூப்பிட வந்தது நான்தான் சார். பின்னாடி வந்து அந்தச் சாக்கடையைக் கொஞ்சம் பாருங்க. அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

மேயரின் சிரிப்பு அப்படியே நின்றது. ஹெட்மாஸ்டர் டீச்சரை முறைத்தார். டீச்சர் சட்டென்று முன்னால் வந்து அவள் தோளைப் பிடித்து விலக்கினார்.

"ஒண்ணும் நினைச்சுக்காதீங்க சார். இந்தப் பொண்ணு கொஞ்சம் வாயாடி."

எல்லாரும் சிரித்தார்கள். செல்லமாக வந்த பெயர் அன்றைக்குத்தான் அவளுக்குச் சுருக்கென்று குத்தியது. "இன்னொரு நாள் பார்ப்போம்மா" என்று சொல்லிவிட்டு மேயர் காரில் ஏறினார்.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். மேயர் பை கொடுக்கிறார், வாயாடி வாங்குகிறாள். படம் பெரிதாக வந்திருந்தது. எழுத்துத் தெரியாத அம்மா படத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"கீழ என்னடி போட்டிருக்கு?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். வாயாடி ஒரு எழுத்து விடாமல் நிறுத்தி வாசித்தாள்.

"பள்ளிக்கூட வாசனையே அறியாத இச்சிறுமி, மாணவர்களின் தொண்டால் இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுவருகிறாள்."

அம்மா விரலை எடுத்துக்கொண்டாள். பிறகு மெல்லக் கேட்டாள், "உன்னையாடி அப்படி எழுதியிருக்கான்?"

"என்னைத்தாம்மா."

மேயர் வந்துபோன பிறகு பள்ளியிலிருந்து ஒருவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. திட்டம் முடிந்துவிட்டதாம். பள்ளிக்கு விருதுகூட வரப்போகிறதாம். ஒரு நாள் சாயங்காலம் சாத்திக் கிடந்த படிப்பறை முன்னால் பிள்ளைகள் சிலேட்டோடு நின்றார்கள். வாயாடி கதவைத் திறந்தாள்.

சின்னவள் ஒருத்தி தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பள்ளிக்கூடத்து அக்கா யாரும் வரலையா?"

வாயாடி பலகையைத் துடைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஏன், நான் யாரு? நானும் பள்ளிக்கூடத்து அக்காதான்டி. உள்ள வந்து உட்காரு."