எந்தக் கணக்கிலும் சேராத காலம்

பழ ஈக்களை வைத்து ஆராய்ச்சி செய்துவந்த அக்காவுக்குப் பத்தொன்பது வருடத்தில் மொத்தம் பதினெட்டு நாள்தான் வயது கூடியது. அதற்குக் காரணம் உடற்பயிற்சியும் இல்லை, முகத்தில் பூசும் எதுவும் இல்லை. ஆராய்ச்சி நிறுவனத்தின் பணியாளர் பிரிவு எழுத்தர் அடித்துக்கொடுத்த பணி ஆணைதான். உயிரியலில் பிஎச்.டி. முடித்தவர்களை அங்கே போஸ்ட்டாக் என்று ஒரு வருட ஒப்பந்தத்தில் எடுப்பார்கள். வருடம் முடிந்ததும் ஒரே ஒரு நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் யாரோ புது ஆளைச் சேர்ப்பதுபோல் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். தொடர்ந்து வேலை பார்த்தேன், நிரந்தரமாக்குங்கள் என்று யாரும் வழக்குக்குப் போய்விடக் கூடாதல்லவா, அதற்காக அந்த ஒரு நாள். ஊர் உலகத்தில் எல்லா நிறுவனமும் செய்கிற வேலைதான் இது. ஆனால் இந்த எழுத்தர் அளவுக்கு மீறி எச்சரிக்கையான மனிதர். பதவி உயர்வுக்கும் ஓய்வூதியத்துக்கும் சேராது என்று வழக்கமாக எழுதுகிற இடத்தில், எதற்கு வம்பு என்று, 'இந்தப் பணிக்காலம் எந்தக் கணக்கிலும் சேராது' என்று ஒரேயடியாக எழுதிவிட்டார். அக்கா படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். அவளுடைய உடம்பு ஆணையை அப்படியே ஏற்றுக்கொண்டது. அதே ஆணையில் கையெழுத்துப் போட்ட மற்றவர்கள் ஒன்றிரண்டு வருடத்தில் வேறு பிழைப்புப் பார்த்துக்கொண்டு ஓடிவிட்டதால் அவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

முதலில் கண்டுபிடித்தவள் தங்கை. அவள் ஐந்து வயது இளையவள். ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இரண்டு வருட டிப்ளமோ படித்துவிட்டு இருபத்திரண்டு வயதில் நிரந்தரமானவள். எலியையும் ஈயையும் கரைத்துக் குடித்த அக்கா வருடா வருடம் புதிதாக வேலைக்குச் சேர்ந்துகொண்டிருந்தபோது, ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற தங்கை மூன்று பதவி உயர்வு வாங்கியிருந்தாள். இதை எங்கே போய்ச் சொல்வது? இடைவெளி நாளில் அக்கா தங்கை வீட்டுக்குத்தான் வருவாள். பழக்க தோஷத்தில் தங்கை ரத்தம் எடுத்துக்கொண்டு போய்ச் சோதிப்பாள். சர்க்கரை எண்பத்தெட்டு. அடுத்த வருடமும் எண்பத்தெட்டு. கொழுப்பு, உப்பு, தைராய்டு எல்லாம் புள்ளி பிசகாமல் அதே எண்கள். மூன்றாம் வருடம் எந்திரம் பழுது என்று நினைத்து, பழுது பார்க்க வந்தவரைப் பிடித்துக் கத்தினாள். நான்காம் வருடம் அக்காவிடம், கடைசியாக எப்போது நகம் வெட்டினாய் என்று கேட்டாள். அக்கா யோசித்துப் பார்த்துவிட்டு, வேலையில் சேருவதற்கு முந்தின நாள் என்றாள்.

அக்கா இதற்குப் பயந்தாளா என்றால் இல்லை. சந்தோஷப்பட்டாள். வேலை விளம்பரம் எல்லாவற்றிலும் வயது வரம்பு முப்பத்தைந்து என்று போட்டிருந்தது. தனக்கு முப்பத்தொன்று தாண்டப்போவதில்லை, என்றாவது ஒருநாள் கிடைத்தே தீரும் என்று கணக்குப் போட்டாள். படித்தவள் செய்த முட்டாள்தனம் அது. வயது உடம்பில் நின்றதே தவிர சான்றிதழில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நாற்பது வயதில் ஒரு நேர்காணலுக்குப் போனாள். மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். நடுவில் இருந்தவர் சான்றிதழைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், உங்கள் அம்மா வரவில்லையா என்று கேட்டார். அடையாள அட்டையைக் காட்டியதும் ஆள்மாறாட்டம் என்று காவலாளியைக் கூப்பிட்டார்கள். இன்னொரு இடத்தில், போஸ்ட்டாக்குக்கு அனுபவம் அதிகம் என்று சொல்லிவிட்டார்கள். சரி, அப்படியானால் உதவிப் பேராசிரியர் வேலை கொடுங்கள் என்றால், உங்கள் அனுபவம்தான் கணக்கில் சேராதே என்று அந்த ஆணையையே எடுத்துக் காட்டினார்கள். பிஎச்.டி. முடித்து ஐந்து வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்றது ஒரு விளம்பரம். ஐந்து வருடம் முழுதாக முடித்திருக்க வேண்டும் என்றது அதே நிறுவனத்தின் மறு விளம்பரம். ஒவ்வொன்றுக்கும் ஆராய்ச்சித் திட்டம், மூன்று பரிந்துரைக் கடிதம், எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றி முடித்த பிறகு அதே விவரங்களை மறுபடி ஒரு படிவத்தில் நிரப்பச் சொல்வார்கள். அவளும் நிரப்புவாள்.

அவளுடைய பேராசிரியர் நல்லவர்தான், யாருக்கும் ஒரு கெடுதல் நினைத்ததில்லை. "இன்னும் ஒரே ஒரு வருஷம்மா, இந்தப் பேப்பர் வந்துட்டா உன்னை யாரும் அசைக்க முடியாது" என்று ஒவ்வொரு வருடமும் மனதாரச் சொன்னார். பேப்பரும் வந்தது. பதினாலு பேப்பர் வந்தது. ஒன்றும் அசையவில்லை. அவருக்குத் தலை நரைத்தது, ஓய்வு பெற்றார், மறுபடி அதே நாற்காலியில் கௌரவப் பேராசிரியராக உட்கார்ந்தார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஈக்களைப் பழைய குப்பியிலிருந்து புதிய குப்பிக்குத் தட்டி மாற்றுவது அக்காவின் வேலை. குப்பியின் அடியில் சோளமாவும் ஈஸ்டும் காய்ச்சி ஊற்றிய கூழ் இருக்கும், ஈக்கள் அதைத் தின்று முட்டையிட்டுச் செத்துப்போகும். அவள் கை வழியாக நானூற்றுச் சொச்சம் தலைமுறை போனது. அவள் மட்டும் அப்படியே இருந்தாள்.

வெளியே காலம் யாருக்காகவும் நிற்கவில்லை. முதல் ஒப்பந்தத்தில் தங்கைக்குப் பெண் பிறந்தது. ஆறாவது ஒப்பந்தத்தில் தங்கையும் அக்காவும் ஒரே வயதாகத் தெரிந்தார்கள். பத்தாவதில் கடைக்காரர்கள் தங்கையைப் பெரியவள் என்று நினைத்து அவளிடமே விலை சொன்னார்கள். படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மா கடைசி நாட்களில் தங்கையைத்தான் பெரியவளே என்று கூப்பிட்டாள், யாரும் திருத்தவில்லை. அம்மா இறந்தது பதினொன்றாவது ஒப்பந்தத்தின் நடுவில். ஒப்பந்தத்தில் விடுப்பு கிடையாது. அக்கா காலையில் வந்தாள், நின்றாள், மாலையில் ஈக்களுக்குக் குப்பி மாற்றப் போய்விட்டாள். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. கல்நெஞ்சுக்காரி என்று சொந்தபந்தம் பேசியது. அன்றைக்கு அழுதால் அது எந்தக் கணக்கில் போகும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருந்த தங்கைக்கே அந்த வருத்தம் ரொம்ப நாள் ஆறவில்லை.

பத்தொன்பதாவது ஒப்பந்தம் முடியப் பத்து நாள் இருந்தபோது தங்கைக்குப் பித்தப்பையில் கல் என்று அறுவைச் சிகிச்சை வைத்தார்கள். அவள் வேலை பார்க்கிற மருத்துவமனையேதான். கணவர் வெளியூரில், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட அக்கா வந்து நின்றாள். புதிதாகச் சேர்ந்திருந்த செவிலியர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, உறவு என்ற இடத்தில் தானாகவே மகள் என்று எழுதினார். எழுதிவிட்டு, வீட்டில் பெரியவங்க யாராவது இருந்தா கூட்டிட்டு வாம்மா என்றார். அக்கா பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. தங்கை கண் விழித்து, தண்ணீர் கேட்டு, குடித்து முடித்ததும் பத்தொன்பது வருடமாகத் தொண்டையில் வைத்திருந்ததைச் சொன்னாள்.

"இன்னும் பதிமூணு வருஷத்துல என் பொண்ணுக்கும் உனக்கும் ஒரே வயசு. அப்புறம் அவளும் உன்னைத் தாண்டிப் போயிடுவா. நான் செத்துப்போனா நீ முப்பத்தொரு வயசுல எந்த வாசல்ல போய் நிப்பே? யாரு உன்னை அக்கான்னு கூப்பிடுவா?"

அடுத்த மாதம் ஒரு விளம்பரம் வருகிறது, அதில் வயது வரம்பே இல்லை என்று அக்கா ஆரம்பித்தாள். தங்கை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அக்கா பாதி வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

ஒப்பந்தத்தின் கடைசி நாள் அக்கா பணியாளர் பிரிவுக்குப் போய், எனக்கு இனிமேல் வேண்டாம் என்றாள். அதே எழுத்தர்தான், அவருக்கும் ஓய்வுக்கு இரண்டு மாதம் பாக்கி. விலகுகிறவர்களுக்குக் கொடுக்கிற அனுபவச் சான்றிதழை அவர் தேடி எடுத்து, சேர்ந்த நாள், விலகும் நாள், மொத்தம் பத்தொன்பது ஆண்டுகள் என்று நிரப்பி முத்திரை குத்தினார். இடைவெளி நாட்களைக் குறிக்க அந்தப் படிவத்தில் இடமே இல்லை. இந்தக் காகிதத்தை இத்தனை வருடமாக ஏன் தரவில்லை என்று அக்கா கேட்டாள். வேலையில் இருக்கிறவர்களுக்குத் தருவதில்லை, தவிர யாரும் கேட்கவுமில்லை என்றார் அவர். அவருடைய தலையில் எதையாவது தூக்கிப் போட வேண்டும் போல இருந்தது அக்காவுக்கு. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். இந்தத் தடவை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் போட்டாள். இருநூற்றுப் பன்னிரண்டு வகை ஈக்களின் பட்டியலைப் பேராசிரியரிடம் கொடுத்தபோது அவர், இதை எப்படித் தட்டி மாற்றுவது என்று கேட்டார்.

மறுநாளிலிருந்து சான்றிதழில் ஏறிய வருடங்கள் வரத் தொடங்கின, நாளுக்கு ஒன்றாக. தங்கை தையல் பிரிக்காத வயிற்றோடு மருத்துவ விடுப்பில் இருந்தாள். அக்கா அவளைப் பார்த்துக்கொள்ள வந்தாள், கடைசியில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் இடது காதோரம் ஒரு நரை. ஆறாம் நாள் இடுப்பில் பாவாடை நாடா எட்டவில்லை. ஒன்பதாம் நாள் நேர்காணல் நடத்திய ஐந்து பேரையும் வரிசையாகத் திட்டித் தீர்த்தாள். அக்காவுக்கு இவ்வளவு கெட்ட வார்த்தை தெரியும் என்பது தங்கைக்கு அன்றுதான் தெரிந்தது. பதினொன்றாம் நாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அம்மா என்று அழ ஆரம்பித்தாள். சாயங்காலம் வரை அழுதாள். தங்கை குனிய முடியாமல் குனிந்து பக்கத்தில் உட்கார்ந்து, எட்டு வருடத்துக்கு முன்னால் தனியாக அழுததை மறுபடி ஒருமுறை சேர்ந்து அழுதாள். பன்னிரண்டாம் நாள் செய்தித்தாளைக் கையை நீட்டிப் பிடித்துப் படிக்க வேண்டியிருந்தது. பதினெட்டாம் நாள் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை நூற்றுப் பதினெட்டு; உலகத்தில் அப்படியொரு எண்ணைப் பார்த்துச் சிரித்தவள் தங்கை ஒருத்தியாகத்தான் இருக்க முடியும்.

பத்தொன்பதாம் நாளோடு வருடங்கள் தீர்ந்து, அதன் பிறகு எல்லாருக்கும் போலவே வயது நாளுக்கு ஒரு நாள் வீதம் கூடியது. அடுத்த வாரமே பேராசிரியர் போனில் கூப்பிட்டார். ஈக்களில் பாதி போய்விட்டதாம். புதிய திட்டம் ஒன்று வந்திருக்கிறதாம். ஒரு வருட ஒப்பந்தம், விண்ணப்பத்தைத் தானே நிரப்பிக்கொள்வதாகவும் ஒன்றிரண்டு விவரம் மட்டும் போதும் என்றும் சொன்னார். முதல் விவரமாக வயது கேட்டார்.

"அம்பது சார். போன வாரம்தான் ஆச்சு."

அவர் அந்தப் பக்கம் எதையோ எழுதிக்கொண்டே, வாழ்த்துகள் என்றார். அக்கா நன்றி சொல்லிவிட்டு, விண்ணப்பம் வேண்டாம் சார் என்று போனை வைத்தாள். அப்புறம் உள்ளே பார்த்து, முட்டி வலிக்குது, தைலம் எங்கேடி வெச்சிருக்கே என்று கேட்டாள். எடுத்துட்டு வரேங்க்கா என்றாள் தங்கை.