லேஸ் வைத்த கை

கல்லறையை மூடியிருந்த துணியை விலக்கியதும் மெர்சியின் கண்ணில் முதலில் பட்டது பொத்தான்தான். புதுக் கருங்கல்லில் இரண்டு கைகள் ஒன்றையொன்று பிடித்திருந்தன. ஒன்று சட்டைக் கை. சரி, அது செத்துப்போன புருஷன் அன்பரசனுடையது. இன்னொன்று பொத்தான் வைத்த கோட்டுக் கை. அது யார்?

தோல் பதனிடும் டேனரியின் கழிவுத் தொட்டிக்குள் இறங்கிய அன்பரசனைப் பிணமாகத்தான் மேலே தூக்கினார்கள். கல்லறை கட்டித் தருகிறோம் என்று கம்பெனி சொன்னபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று. இதே கல்லறைத் தோட்டத்தில், வேப்பமரத்தடியில், ஒரு துரைக்கும் துரைசானிக்கும் வைத்த பழைய கல் இருக்கிறது. அதில் கைகோத்த சிற்பம். துரைசானியின் மணிக்கட்டில் லேஸ் சுருக்கம்கூடத் தெரியும். சாவுகூடப் புருஷன் பெண்டாட்டியைப் பிரிக்காது என்பது அதற்கு அர்த்தம் என்று பங்குச் சாமியார் ஒருமுறை சொன்னார். அன்றிலிருந்து ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் அன்பரசன் அங்கே நின்று, யாரும் பார்க்காதபோது அவள் கையைப் பிடிப்பான். சுண்ணாம்பில் வெந்து சொரசொரத்த விரல்கள். அந்தக் கல்லைப் போலவே வேண்டும் என்றுதான் கேட்டிருந்தாள்.

"இது யார் கை சார்?"

மேனேஜர் ராமமூர்த்தி பெருமையாகச் சிரித்தார். "முதலாளி கைம்மா. தொழிலாளிய நாங்க கைவிடலன்னு காட்டணும்ல? லேஸ எடுத்துட்டு கோட்டு போடச் சொன்னதே நான்தான்."

உயிரோடிருந்தவரை ஒரு கிளவுஸ் கொடுக்காதவர்கள், செத்தவனுக்குக் கை கொடுக்க வந்துவிட்டார்கள். அதுவும் அவள் கையை வெட்டி எறிந்துவிட்டு.

"அது என் கை சார். மாத்திக் குடுங்க."

"ஃபிக்ஸ் பண்ணியாச்சு. அவன் வேலைக்குப் பதிலா உனக்குக் குடுத்திருக்கோம், திங்கக்கிழமை ஷூ செக்ஷன்ல ஜாயின் பண்ணணும்ல? பேஜார் பண்ணாதம்மா. முதலாளி வந்துட்டே இருக்காரு, போட்டோ எடுக்கணும்."

மாமியார் சவுரியம்மாள் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "வுடும்மா. தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சிப் பாக்கலாமா? வேலையும் போய்ட்டா இன்னா பண்ணுவ?" அவனைப் பெற்றவள், அழுதுகொண்டேதான் சொன்னாள்.

மெர்சி முந்தானையை உருவிக்கொண்டாள். கல்லின் அடியைப் பூசி முடித்த கொத்தனார் பக்கத்தில் வைத்திருந்த சட்டியில் கையை விட்டாள். ஈரச் சிமெண்டை அள்ளிக் கோட்டுக் கையின் மேல் அப்பினாள். பொத்தான் மறைந்தது. மணிக்கட்டு மறைந்தது. ராமமூர்த்தி கத்தினார். கொத்தனார் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. விரல் இடுக்கெல்லாம் சிமெண்ட் எரிந்தது. மெர்சி கையை எடுக்கவில்லை. தன் கை பதிந்தபடியே சிமெண்ட் இறுகட்டும் என்று அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.