துக்க வீட்டு ரசிகர்கள்

பிலிப்பைன்ஸின் லுசேனாவில் டெல்ஃபின் மராலிட்டை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மீன் விற்கிறவள்கூட, "டைரக், இன்னைக்கு சாளை நல்லா இருக்கு" என்பாள். பேய்ப்படம் எடுக்கிற டைரக்டர் என்று அவ்வளவு மரியாதை. அந்த மரியாதை கொடுத்தவர்களில் ஒருவர்கூட அவன் படத்தைப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். பார்க்க அவகாசமும் கிடைத்ததில்லை. அவன் படம் காலையில் திரைக்கு வரும், சாயங்காலம் தூக்கிவிடுவார்கள். மறுநாள் அதே திரையில் எவனாவது அமெரிக்கக்காரன் கட்டடங்களை இடித்துக்கொண்டிருப்பான்.

இந்தத் தடவை அவன் எடுத்தது, இடுப்போடு பிரிந்து மேல்பாதி மட்டும் பறந்துபோகிற பெண்பேயின் கதை. மேல்பாதி அவன் மனைவி மிலா. கீழே நிற்கிற பாதி, துணிக்கடையில் இரவல் வாங்கிய பொம்மை. பொம்மையின் கால் நிறமும் மிலாவின் கை நிறமும் சேரவில்லை என்று ஒளிப்பதிவாளன் சொன்னபோது, "பயத்துல இருக்கிறவன் கலரா பார்ப்பான்?" என்று கேட்டு வாயடைத்துவிட்டான் டெல்ஃபின். ரத்தத்துக்குச் சிவப்புச் சாயம் போட்ட வாழைப்பழ சாஸ். அதற்கு வந்த எறும்பு கடித்து மிலா போட்ட கூச்சல்தான் படத்திலேயே அசலான அலறல்.

அந்த எறும்போடு மிலாவின் பொறுமையும் தீர்ந்தது. பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் குடும்பத்தை ஓட்டுகிறவள் அவள். அவளுடைய அண்ணன் ரொமுலோ தியேட்டர் இருக்கும் தெருவிலேயே சவ அலங்கார நிலையம் வைத்திருந்தான்; அடக்கம் வரைக்கும் பெட்டியை அங்கேயே வைத்துத்தான் ஊரார் துக்கம் கேட்பார்கள். அங்கே ஒப்பனைக்காரன் துபாய்க்குப் போய்விட்டதால் இடம் காலியாக இருந்தது.

"உனக்குத் தெரிஞ்ச வேலைதானே? நாளைலேருந்து போ" என்றாள் மிலா.

"நான் உயிரோட இருக்கிறவங்களைப் பொணமா மாத்துறவன். அது வேற கலை."

"சரி. ஒரே ஒரு ஆள் காட்டு. சொந்தக்காரங்க கூடாது, தூங்கக் கூடாது. உன் படத்தை முதல்லேருந்து கடைசி வரைக்கும் உட்கார்ந்து பார்க்கணும். அப்படி ஒருத்தர் கிடைச்சா, நீ ஆயுசுக்கும் படம் எடு, நான் பறக்கிறேன். கிடைக்கலைன்னா, படத்தைத் தூக்கின மறுநாள் அண்ணன்கிட்ட போயிடணும்."

டெல்ஃபினுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு ஆள்தானே?

முதல் நாள் மதியக் காட்சிக்கு அவனும் மிலாவும் போக ஒருவர் வந்தார். ஏசிக்காக வந்தவர். மேல்பாதி பறக்கத் தொடங்கும்போது அவர் குறட்டையும் தொடங்கியது. தியேட்டர் மேனேஜர் மேடம் பெலென் வாசலில் நின்று, "சாயங்காலக் காட்சியோட முடிச்சுக்கலாம், டைரக். மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள். போன தடவையும் அவள் இதையேதான் சொன்னாள்.

சாயங்காலம் அதிசயம் நடந்தது. வெள்ளையும் கறுப்புமாக உடுத்திக்கொண்டு கூட்டம் வந்தது. குடும்பம் குடும்பமாகச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். டெல்ஃபின் தலைகளை எண்ணத் தொடங்கினான். ஆனால் பத்து நிமிஷத்தில் முதல் வரிசை எழுந்து வெளியே போனது. அப்புறம் இரண்டாவது வரிசை. அந்த இடத்தில் புது ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களும் கொஞ்ச நேரத்தில் எழுந்து போனார்கள்.

"பயந்து ஓடுறாங்க, மிலா."

"ஓடலையே. பேசிக்கிட்டுத்தானே போறாங்க."

"பயத்தை மறைக்கத்தான் பேசுறாங்க."

வாசலில் நின்றுகொண்டு, போகிறவர்களையெல்லாம் கைகுலுக்கி வழியனுப்பினான். அவர்களும் சோகமான முகத்தோடு குலுக்கினார்கள். படம் இப்படி மனசைப் பாதிக்கும் என்று அவனே நினைக்கவில்லை.

மேடம் பெலென் மறுநாளும் படத்தை வைத்துக்கொண்டாள். அதற்கடுத்த நாளும். தினமும் கூட்டம். ஆனால் மிலா கேட்ட அந்த ஒரு ஆள் மட்டும் அகப்படவில்லை. எப்படியாவது உட்கார வைத்துவிட வேண்டும் என்று டெல்ஃபின் உடம்பு பிரிகிற காட்சியைத் தூக்கிப் படத்தின் ஆரம்பத்தில் போட்டான். அன்றைக்கு ஐந்தே நிமிஷத்தில் எழுந்து போனார்கள்.

குட்டு கழிப்பறை வாசலில் உடைந்தது. கை கழுவிக்கொண்டே ஒரு அம்மாள் இன்னொருத்தியிடம் சொன்னாள்: "அந்தப் பன் கடைக்காரன் ரிப்பேருக்கு மூடினதும் நல்லதாப் போச்சு. இங்க ஏசியாவது இருக்கு. நீ உட்கார்ந்தியா?"

"உட்கார்ந்தேன், எந்திரிச்சேன். இனிமே வீட்டுக்குப் போகலாம், மாங் சிரிலோ கூட வர மாட்டாரு."

டெல்ஃபினுக்குத் தலையில் யாரோ ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டியது போலிருந்தது. இது கூடவா தோன்றவில்லை? துக்கம் கேட்கப் போனவர்கள் நேராக வீட்டுக்குப் போகக் கூடாது. வழியில் எங்காவது நுழைந்து உட்கார்ந்து எழ வேண்டும். கூடவே வருகிற ஆவி அங்கேயே தங்கிவிடும். சின்னக் குழந்தைக்கும் தெரிந்தது இது. ஆவிகளை வைத்தே பிழைக்க நினைத்தவனுக்கு மட்டும் மறந்துபோயிற்று. ரசிகர்கள் என்று அவன் கைகுலுக்கியவர்கள் எல்லாம், பாதி ஊருக்கு ஜீப்னி என்கிற ஷேர் வண்டி ஓட்டிச் செத்துப்போன பெரியவர் மாங் சிரிலோவை அவன் படத்தில் இறக்கிவிட்டுப் போனவர்கள்.

அண்ணன் முறைக்கு 'குயா' என்று கூப்பிடுகிற மைத்துனனிடம் நேராகப் போனான்.

"குயா ரொமுலோ, மாங் சிரிலோவை எப்ப அடக்கம் பண்றாங்க?"

"பொண்ணு ரொவேனா இத்தாலியில மிலான்லேருந்து வரணும். அங்க அவ சம்பளத்துக்குப் பார்த்துக்கிற கிழவி லீவு தர மாட்டேங்குதாம். அவ எப்ப வர்றாளோ அப்பத்தான்." ரொமுலோ அவனை ஏற இறங்கப் பார்த்தான். "நீ எப்ப வர்ற? இங்க எல்லாரும் கடைசி வரைக்கும் அசையாம இருப்பாங்க. யாரும் பாதியில எந்திரிச்சுப் போக மாட்டாங்க."

எங்கேயோ இத்தாலியில் இருக்கும் அந்தக் கிழவியின் பிடிவாதம் நீடிக்க வேண்டும் என்று டெல்ஃபின் மனதுக்குள் வேண்டிக்கொண்டான். உடனே வெட்கமாகவும் இருந்தது. பெட்டியருகே போய்ச் சிலுவை போட்டுக்கொண்டான். மாங் சிரிலோவின் கன்னத்தில் சாயம் அதிகம். துடைத்துச் சரிசெய்ய டெல்ஃபினின் விரல் பரபரத்தது, அடக்கிக்கொண்டான். திரும்பும்போது வழக்கப்படி அவனும் தன் படத்துக்குள் நுழைந்து, உட்கார்ந்து, எழுந்து வந்தான். அதற்கு மேல் அவனாலும் உட்கார முடியவில்லை.

கிழவி கடைசியில் மனமிரங்கிவிட்டாள். ரொவேனா வந்தாள், அடக்கம் நடந்தது, பன் கடையும் திறந்தது. மறுநாள் மதியம் தியேட்டர் காலி.

"இந்தக் காட்சியோட முடிச்சுக்கலாம், டைரக்" என்றாள் மேடம் பெலென். "மனசுல..."

"வெச்சுக்கலை" என்றான் டெல்ஃபின். அண்ணன் கடைக்குப் போட்டுக்கொண்டு போக அவனுடைய வெள்ளைச் சட்டையை மிலா காலையிலேயே தேய்த்து வைத்திருந்தாள்.

விளக்கை அணைக்கப் போகும் நேரத்தில் கறுப்பு உடையில் ஒரு பெண் வந்து இரண்டு சீட்டு கேட்டாள்.

"இன்னொருத்தர் எங்கம்மா?" என்றாள் சீட்டுக் கொடுப்பவள்.

"உள்ளதான் இருக்காரு."

சீட்டுக் கொடுப்பவள் அன்றைக்கு மீதிப் பொழுதெல்லாம் ஜெபமாலையைக் கீழே வைக்கவில்லை.

ரொவேனா நடு வரிசையில், பக்கத்து இருக்கையில் எதையும் வைக்காமல் உட்கார்ந்தாள். டெல்ஃபினும் மிலாவும் பின்னால் நின்று திரையைப் பார்க்காமல் அவள் தலையையே பார்த்தார்கள். பத்து நிமிஷம் போயிற்று. எழுந்திருக்கவில்லை. பொம்மைக் கால் தெருவில் நின்றபோது விழுந்து விழுந்து சிரித்தாள். எறும்பு அலறலுக்கும் சிரித்தாள். ஒவ்வொரு சிரிப்புக்கும் டெல்ஃபினுக்கு நெஞ்சில் குத்தியது, ஆனாலும் அவள் எழுந்திருக்கவில்லை. நடுவில் ஓரிரு தடவை பக்கத்து இருக்கையின் பக்கம் குனிந்து ஏதோ சொன்னாள். கடைசிப் பெயர் ஓடி முடிந்து விளக்கு வந்தபோது அவள் முகம் நனைந்திருந்தது.

டெல்ஃபின் அருகே போனான். "பயமா இருந்துச்சா?"

"மன்னிச்சுக்குங்க டைரக், அந்தக் கால்..." என்று மறுபடி சிரித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பெட்டியை மூடுற நேரத்துக்குத்தான் நான் வந்து சேர்ந்தேன். அப்பாவை எல்லாரும் இங்க விட்டுட்டுப் போனாங்கன்னு சொன்னாங்க. கொஞ்ச நேரம் கூட இருக்கலாம்னு வந்தேன். பாவம், தினமும் எல்லாக் காட்சியும் பார்த்திருக்காரு. எழுந்து போகவே இல்ல."

டெல்ஃபின் வாசல் வரை கூடவே வந்தான். பழக்கதோஷத்தில், "எதிர்ல பன் கடை திறந்திருக்கு. கொஞ்சம் உட்கார்ந்துட்டு அப்புறம் வீட்டுக்குப் போங்க" என்றான்.

"இல்ல டைரக். நாங்க நேரா வீட்டுக்குத்தான் போறோம்."

ஜீப்னி காலியாகத்தான் வந்தது. அவள் ஏறி, ஓரமாக நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

வண்டி தெருமுனை திரும்பும் வரை மிலா பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் ஒருத்தரைத்தான் கேட்டேன், ரெண்டு பேர் பார்த்துட்டாங்க" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அடுத்த படத்துக்காவது என் நிறத்துக்குச் சேர்ற மாதிரி கால் வாங்கு."