திங்கட்கிழமைத் தாளம்

கரடிப்பாறை எஸ்டேட் பேண்டில் பெரிய டிரம் அடிக்கும் சுடலைக்கு ஒரே ஒரு குறைதான். கை ஓடிவிடும். தொடக்கத்தில் ஒழுங்காகத்தான் விழும். கொஞ்ச தூரம் நடந்ததும் சூடேறும். சூடேறினால் பிடித்து நிறுத்த முடியாது. மார்ச் போகிறவர்கள் டிரம் சத்தத்துக்குத்தானே கால் வைக்க வேண்டும்? அவர்களும் ஓடுவார்கள்.

குற்றம் கையினுடையது அல்ல. திருநெல்வேலிப் பக்கத்து அம்மன் கோயில் கொடை விழாவில் கொட்டடித்து வளர்ந்த கை அது. அங்கே மேளம் மெல்லத் தொடங்கி, யார் மேலாவது சாமி இறங்கும்வரை ஏறிக்கொண்டே போக வேண்டும். மூணாறு மலையில் வெள்ளைக்காரத் துரை சிவப்புக் கோட்டு மாட்டி, நெஞ்சில் பீப்பாய் அளவு டிரம்மைக் கட்டிவிட்ட பிறகும், இடம் மாறிய சேதி கைக்குப் போய்ச் சேரவில்லை.

போன வருஷம் சீமை ராஜா பிறந்தநாள் அணிவகுப்பு நடந்த விதம் மலை முழுக்கத் தெரியும். மைதானத்தின் இந்தக் கோடியில் நடையாகப் புறப்பட்ட அணி, அந்தக் கோடியை ஓட்டமாக அடைந்து, நிற்க முடியாமல் தேயிலைக்குள் புகுந்து, அடுத்த எஸ்டேட்டில் போய்த்தான் நின்றது. கிளாரினெட்காரன் உள்ளே இழுத்த மூச்சை ஊதித் தீர்க்கச் சாயங்காலம் ஆயிற்று. இது போதாதென்று, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சுடலையின் மாமியார் அழகுத்தாய் மேல் அம்மன் இறங்கிவிட்டாள். இறங்கியவள் நேரே துரையிடம் போய், “தொலஞ்ச உன் வெள்ள நாயி சுண்ணாம்புக் காளவாசல்ல கெடக்குடா” என்றாள். நாய் அங்கேதான் இருந்தது. அன்றிலிருந்து தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் குழாயடியில் அழகுத்தாயின் குடத்துக்குத்தான் முதல் தண்ணீர்.

நாய் கிடைத்ததில் துரைக்கு மகிழ்ச்சி. அணி ஓடியதில் இல்லை. “அடுத்த வருஷம் பெரிய துரைமார் பார்க்க வராங்க. மறுபடி ஓடினா, டிரம் பழனிச்சாமிக்கு” என்று சொல்லிவிட்டார்.

பழனிச்சாமி பித்தளைத் தட்டு மோதுகிறவன். அன்று முதல் தட்டைப் பார்க்காமல் சுடலையின் நெஞ்சைப் பார்த்தே மோதினான். சுடலைக்குச் சோறு இறங்கவில்லை. டிரம் இல்லாவிட்டால் அவன் பாக்டரியில் கொழுந்து மூட்டை தூக்கும் கூட்டத்தில் ஒருவன். டிரம்மோடு நடக்கும்போதுதான் பெண்டாட்டி வேலுத்தாய்கூட அவனை ‘அவுக’ என்பாள்.

எனவே தனியாகப் பாடம் கேட்கப் போனான். பட்டாளத்து பேண்டில் டிரம் அடித்துவிட்டு வந்து எஸ்டேட்டில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தான் சூசையப்பன். சுடலையைவிட வயதில் இளையவன்தான். ஆனால் சூடான ரொட்டி அவன் கையில் இருந்ததால் லயமே அவனை அண்ணாச்சி என்றது.

“சொல்லித் தாரேன். அதுக்குப் பதிலா மாவு பெசஞ்சு தாரும்” என்றான் சூசையப்பன்.

முதல் பாடம், ரொட்டி வண்டி மாட்டின் பின்னால் அடித்துக்கொண்டே நடப்பது. பிறந்தது முதல் அவசரப்படாத மாடு அது. ஒருமுறை புலி வந்து எதிரே நின்றபோது, வாயிலிருந்த புல்லை மென்று முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தது. அதற்குள் புலி சலித்துப்போய்க் கிளம்பிவிட்டது.

“இதோட காலப் பாரும். இதுதான் உமக்கு வாத்தியாரு.”

சுடலை பார்த்தான், அடித்தான். சிறிது நேரத்தில் கண் தானாக மூடியது, கை ஏறியது. மாடு காதை ஆட்டியது, வாலைத் தூக்கியது, வாழ்நாளில் முதல் தடவையாக ஓடியது. பல மைல் தள்ளி, மாட்டுப்பட்டி ஊரில்தான் அதைப் பிடித்தார்கள்.

“யோவ், வாத்தியாரையே கெடுத்துப்புட்டீரே!” சூசையப்பன் தலையில் கைவைத்துக்கொண்டான். “கண்ண மூடுனா என்னவே தெரியுது?”

“அம்மன் வாரது தெரியுது அண்ணாச்சி. பாதி வழியில வந்துட்டா. மெதுவா அடிச்சா திரும்பிப் போயிருவாளே.”

சூசையப்பன் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தான்.

“திங்கக்கெழம விடியக்காலம். மழ. வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போணும். என்ன வேகத்துல போவீரு?”

“போகவே மாட்டேனே.”

“போய்த்தான் ஆகணும்னா?”

சுடலை எழுந்து நடந்து காட்டினான். ஒவ்வொரு காலும் மற்ற காலிடம் சம்மதம் கேட்டுவிட்டு நகர்ந்தது.

“அதுதான்வே மார்ச்சு! கண்ண மூடுனா அம்மன நெனைக்காதீரும், பெரட்ட நெனையும்.”

மழைக்காலம் முழுக்கத் திங்கட்கிழமையை நினைத்து அடித்தான் சுடலை. தாளம் படிந்தது. அந்தச் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமையும் சிலருக்கு வயிற்றுவலி வந்து வேலைக்கு லீவு கேட்டார்கள் என்பது வேறு விஷயம்.

ராஜா பிறந்தநாள் வந்தது. மழைகூட மரியாதைக்கு அரை நாள் நின்றது. பெரிய துரைமார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய தேத்தண்ணிக்கான ரொட்டியோடு மைதான ஓரத்தில் மாட்டு வண்டி நின்றது. முன்வரிசையில் அழகுத்தாய், கொண்டையை அவிழ்த்து, வேப்பிலையோடு தயாராக நின்றாள்.

டும். டும். டும்.

அணி நகர்ந்தது. சுடலை கண்ணை மூடினான். மழை, பெரட்டு, திங்கட்கிழமை.

“மருமவனே!” அழகுத்தாய் பல்லைக் கடித்தாள். “கையில வாதமா? இழுத்து அடியும்! எம்புட்டு நேரம் தலைய விரிச்சுட்டு நிக்கது?”

கை துடித்தது. பழனிச்சாமியின் தட்டு காதருகே ஆசையாக மோதியது. சுடலை மனதுக்குள் இன்னும் கொஞ்சம் மழையைக் கூட்டிக்கொண்டான். அணி அந்தக் கோடியை அடைந்தது, திரும்பியது, புறப்பட்ட இடத்திலேயே வந்து நின்றது. பெரிய துரைமார் கைதட்டினார்கள். தேத்தண்ணி குடிக்கக் கூடாரத்துக்குப் போனார்கள். அழகுத்தாய் யாரையும் பார்க்காமல் கொண்டையை முடிந்துகொண்டாள்.

அணிவகுப்பு முழுக்கச் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே நின்ற எஸ்டேட் துரை சுடலையிடம் வந்தார்.

“சுடலை, ரொம்ப நல்லது. டிரம் இனி உனக்குத்தான்.”

சுடலைக்குச் சிவப்புக் கோட்டின் பொத்தான் தெறித்துவிடும் போலிருந்தது. துரை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“கிழவி ஏன் ஆடலை?”

“தாளம் ஏறல துரை.”

“ஏத்து. என் சுங்கான் பைப் ஒரு வாரமா காணோம். புகை பிடிக்காம தலை வெடிக்குது.”

“மறுபடி ஓடினா டிரம்மு பழனிச்சாமிக்குன்னு…”

“நான்தான் சொன்னேன். இப்ப நானே சொல்றேன், அடி!”

ரொட்டி வண்டியருகே நின்ற சூசையப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். சுடலை கண்ணை மூடித் திங்கட்கிழமையைத் தள்ளி வைத்தான். கை சூடேறியது. அழகுத்தாயின் கொண்டை தானாக அவிழ்ந்தது. ஓய்ந்து நின்ற அணி காலை மாற்றி மாற்றி வைக்கத் தொடங்கியது.

“எங்கடா தேடுத?” என்று அம்மன் ஆடிக்கொண்டே துரையின் காலைக் காட்டினாள். “பூட்ஸக் கழத்திப் பாரு!”

கழற்றினார். இடது பூட்ஸில் இருந்தது சுங்கான். ஒரு வாரமாக அவர் நொண்டியதற்கும் அன்றுதான் காரணம் தெரிந்தது.

துரை புகைவிட்டுக்கொண்டு கூடாரத்துக்குள் போனபோது, பெரிய துரைமார் வெறும் தேத்தண்ணியை வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரொட்டி அப்போது மாட்டுப்பட்டியைத் தாண்டிக்கொண்டிருந்தது.