பாலைவனத்துக்குப் பரஸ்தானம்

நெவாடாப் பாலைவனத்தில் நடக்கும் கார்ப் பந்தயத்தைப் பார்க்கப் போகலாம் என்று முதலில் சொன்னவள் நான்தான். இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் 1973 மார்ச் நெருங்கியபோது மாண்ட்ரியலில் ஒருவருக்கும் அது ஞாபகமில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர்களின் ஓய்வறையில் ஒரு பழைய பத்திரிகை கிடந்தது. நடுப்பக்கத்தில் ஒரு படம். சாலை என்று ஒன்றுமே இல்லாத மணல்வெளியில், நான்கு சக்கரமும் தரையில் படாமல் ஒரு வண்டி பறந்துகொண்டிருந்தது. நான் மயக்க மருந்து டாக்டர். நாள் முழுக்க ஆட்களைத் தூங்கவைப்பதே என் வேலை. அந்தப் படத்தைப் பார்த்ததும் இதை நேரில் பார்க்காமல் விடுவதில்லை என்று முடிவுகட்டினேன். பத்திரிகையைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு லாசாலில் எங்கள் வீட்டுக்கு வந்து, என் கணவர் பாலகிருஷ்ணனிடம் காட்டினேன். அவர் அதைக் கீழ்மாடியில் குடியிருந்த பல் டாக்டர் குணசீலனிடம் காட்டினார். குணசீலனுக்குக் கல்யாணமாகவில்லை, ஆனால் ஒரு பெரிய வேன் இருந்தது. அவர் அதைப் பேராசிரியர் மணிவாசகத்திடம் காட்டினார். அத்தோடு பத்திரிகை என் கைக்குத் திரும்பவேயில்லை.

மணிவாசகம் பல்கலைக்கழகத்தில் மண்ணின் தாங்குதிறன் பற்றிப் பாடம் நடத்துகிறவர். பாலைவனம் என்றால் மணல், மணல் என்றால் அவருடைய சொத்து. அவ்வளவுதான், திட்டம் அவர் கைக்குப் போய்விட்டது. டிசம்பரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் இல்-பிசாரில் அவர் வீட்டுக் கூடத்தில் கூட்டம். அவர் மனைவி அம்புஜம் அக்கா சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்து பஜ்ஜியும் காபியும் கொடுப்பார். பேராசிரியர் ஒரு தடித்த நோட்டில் தீர்மானங்களை நம்பர் போட்டு எழுதுவார். முதல் தீர்மானம் கூடாரம். அதைச் சோதித்துப் பார்க்கத் தோட்டத்துப் பனியில் நட்டார்கள். கூடாரம் ஒரு பக்கமாகப் புதைந்து போனது. பனிக்கும் மணலுக்கும் சூடு மட்டும்தான் வித்தியாசம் என்று முழங்காலளவு பனியில் நின்றபடி அவர் விளக்கினார். நான்காவது தீர்மானம், இட்லிப் பானை வேண்டாம், குக்கர் போதும். ஏழாவது தீர்மானம், பெண்கள் வர வேண்டாம்.

அதை அவர் எழுதியபோது நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

"உனக்காகத்தாம்மா சொல்றேன் அனுசூயா. அங்க ஒதுங்கறதுக்கு ஒரு மரம்கூடக் கிடையாது."

"மரம் இல்லாத இடத்துல நீங்க என்ன சார் பண்ணுவீங்க?"

குணசீலனுக்குக் காபி புரையேறியது. பேராசிரியர் காதில் விழாத மாதிரி எட்டாவது தீர்மானத்தை எழுதினார். வழிக்குப் புளியோதரை கட்டிக்கொடுப்பது பெண்கள் பொறுப்பு. என் கணவரைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த பஜ்ஜியை ஆராய்ந்துகொண்டிருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் கிண்டி இன்ஜினியரிங் கல்லூரியில் மணிவாசகத்திடம் படித்தவர். சாரைக் கண்டால் இன்னமும் இரண்டாம் வருஷ மாணவராகிவிடுவார்.

இந்தப் பயணத்துக்காகவே கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரண்டு நாளும் மற்றவர்களுக்குப் பதிலாக டியூட்டி பார்த்து, மார்ச்சில் இரண்டு வாரம் லீவு வாங்கி வைத்திருந்தேன். அந்த லீவில் லாசாலில் உட்கார்ந்து நான் பனி உருகுவதைப் பார்க்கவேண்டுமாம்.

கிளம்புகிற நாள் ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. மூவருடைய லீவும் அப்போதுதான் ஒத்துவந்தது. பிறகுதான் பேராசிரியருக்கு ஓர் உண்மை உறைத்தது. ஞாயிறு மேற்கே சூலம். நெவாடாவோ நேர் மேற்கு. இரும்புப் பாலத்தையே கணக்குப் போட்டு நிறுத்துகிற மனிதர், சூலத்தை எதிர்த்து மட்டும் ஓரடி வைக்கமாட்டார். இரண்டு கூட்டம் இதிலேயே போனது. கடைசியில் அவரே வழி கண்டுபிடித்தார். பரஸ்தானம் வைத்துவிடலாம்.

அதாவது, நல்ல நாளில் நல்ல நேரத்தில் நம் பையை மட்டும் போகிற திசையில் இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. பிறகு நாம் எந்த நாளில் கிளம்பினாலும் தோஷமில்லை. மேற்கே கர்க்லாண்டில் என் தோழி ரமாவின் வீட்டுக் காராஜ் முடிவாயிற்று. வியாழன் காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை நல்ல நேரம்.

குணசீலன் சிரித்துவிட்டார். பேராசிரியருக்குக் கோபம் வந்தது.

"சிரிக்காதேப்பா. பை போயிடுச்சுன்னா ஆளே போனதா அர்த்தம். வச்ச பையைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்தா, அது ஒருத்தருக்கு மட்டுமில்ல, அந்தக் கோஷ்டிக்கே ஆகாது."

இந்த வாக்கியத்தை நான் மனசுக்குள் அடிக்கோடிட்டு வைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலையில் ஆண்கள் மூவருக்கும் வேலை. எனக்கு வாராந்திர விடுமுறை. ஆகவே பரஸ்தானம் வைக்கிற பொறுப்பு, ஒன்பதாவது தீர்மானமாக, என்னிடமும் அம்புஜம் அக்காவிடமும் வந்து சேர்ந்தது. தங்கள் பயணத்தையே தூக்கி என் கையில் கொடுக்கிறோம் என்று அந்த மூன்று மேதைகளுக்கும் தோன்றவில்லை.

என் கார் டிக்கியில் மூன்று பைகள் ஏற்றினேன். ஒன்று என் கணவருடையது, ஒன்று குணசீலனுடையது, மூன்றாவது என்னுடையது. அதில் இரண்டு பேண்ட், கம்பளிச் சட்டை, பாஸ்போர்ட், கறுப்புக் கண்ணாடி எல்லாம் இருந்தன. அம்புஜம் அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே இல்-பிசார் போய்ச் சேர்ந்தேன். அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். இரண்டு கையிலும் இரண்டு பைகள்.

ஒன்று சாருடையது, இன்னொன்று யாருடையது என்று கேட்டேன். "என்னுது" என்றார், ஏதோ பால் வாங்கப் போகிற குரலில். பிறகு டிக்கியைத் திறந்து என் பைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, தலையை மட்டும் ஆட்டினார். என் ஒத்திகையெல்லாம் வீணாய்ப் போயிற்று.

ரமாவின் காராஜில் பதினொன்றரைக்குப் பைகளை மேற்குச் சுவரோரமாக வரிசையாக வைத்தோம். என் கணவர், குணசீலன், நான், அம்புஜம் அக்கா. ஐந்தாவதை எடுக்கக் குனிந்தேன். அக்கா டிக்கியைச் சாத்தினார்.

"அது இருக்கட்டும்."

"அக்கா, அது சாரோட பை. நேரம் முடியப் போகுது."

"முடியட்டுமே."

ரமா ஆளுக்கொரு டீ கொடுத்தாள். அக்கா ஊதி ஊதிக் குடித்தார். சுவர்க்கடிகாரம் பன்னிரண்டு அடித்த பிறகுதான் எழுந்தார். பேராசிரியரின் பை என் டிக்கியிலேயே லாசால் வந்து சேர்ந்தது. இருபத்தைந்து வருஷமாகப் பஜ்ஜி கொடுத்துக்கொண்டிருக்கும் பெண்களை யாரும் லேசாக எடைபோடக்கூடாது என்று அன்று தெரிந்துகொண்டேன்.

ஞாயிறு காலை ரமா வீட்டு வாசலில் எல்லோரும் கூடினோம். நானும் அக்காவும் புளியோதரைத் தூக்குடன் வழியனுப்ப வந்தவர்கள் என்பது மற்றவர்கள் எண்ணம். சுற்றிலும் பனி கிடந்தது. பேராசிரியர் புதிதாக வாங்கிய பாலைவனத் தொப்பியும் கழுத்தில் தொலைநோக்கியுமாக வந்திருந்தார். குணசீலன் காராஜைத் திறந்து பைகளை வேனில் ஏற்றத் தொடங்கி, மூன்றாவதில் நின்றார். இது யாருடையது என்று கேட்டார். என்னுடையது என்றேன். பக்கத்துப் பை தன்னுடையது என்றார் அக்கா.

பேராசிரியர் நோட்டைத் திறந்தார். ஏழாவது தீர்மானத்தை வாசித்தார். நான் அவர் வாசித்து முடிக்கும்வரை பொறுமையாக இருந்தேன்.

"நாங்க வியாழக்கிழமையே கிளம்பிட்டோம் சார். எங்க பையைத் திரும்பக் கொண்டுபோனா கோஷ்டிக்கே ஆகாதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

அவர் உதவிக்கு என் கணவர் பக்கம் திரும்பினார்.

"பாலகிருஷ்ணா, நீயாவது எடுத்துச் சொல்லு."

என் கணவர் தன் பூட்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கல்யாணமான நான்கு வருஷத்தில் முதல் தடவையாகச் சாருக்கு எதிராகப் பேசினார்.

"பை போயிடுச்சே சார்."

அந்த மூன்று வார்த்தைக்காக அவருடைய பழைய பஜ்ஜிப் பார்வைகளை எல்லாம் மன்னித்தேன்.

பேராசிரியர் பெருமூச்சு விட்டுத் தன் பையைத் தேடினார். வேனுக்குள் இல்லை, காராஜிலும் இல்லை. நான் என் கார் டிக்கியைத் திறந்து காட்டினேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார். மற்ற நால்வரும் முறையாகக் கிளம்பியாகிவிட்டது. அவர் மட்டும்தான் இன்னும் கிளம்பவில்லை. இன்றோ மேற்கே சூலம். மூன்று மாதம் நோட்டுப் போட்டுத் திட்டம் தீட்டிய மனிதர், கனவில்கூட மணல் மணல் என்று பேசுகிறார் என்று அக்கா சொல்லியிருக்கிறார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதை மறைப்பானேன். அவர் உருட்டி மிரட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ வேனின் படியில் உட்கார்ந்து, தான் வரவில்லை, நீங்கள் போய்ப் பார்த்துவந்து சொல்லுங்கள் என்றார் தணிந்த குரலில்.

அப்போதுதான் அம்புஜம் அக்கா கைப்பையைத் திறந்தார். சமையலறையில் தொங்கும் மெட்ராஸ் நாள்காட்டியிலிருந்து கிழித்த அன்றைய தாளை எடுத்துக் கணவரிடம் கொடுத்தார். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சத்தமாகப் படித்தார். சூலம், மேற்கு. அதற்குக் கீழ் வரியில், பரிகாரம், வெல்லம்.

ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டு கிளம்பியிருந்தால் போதும். பையும் வேண்டாம், காராஜும் வேண்டாம். குணசீலன் சிரிப்பை அடக்க வேனுக்குப் பின்னால் போய்விட்டார்.

"இங்க வெல்லத்துக்கு எங்க போறது?" என்றார் பேராசிரியர்.

அக்கா ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு கட்டி. மார்ச் மாதத்தில் இங்கே தெருமுனைச் சில்லறைக் கடையான தெப்பானரில்கூடக் கிடைக்கும் மேப்பிள் சர்க்கரை. பார்வைக்கு அசல் அச்சு வெல்லம். அவர் அதை வாங்கி முகர்ந்தார், நகத்தால் சுரண்டினார், பரிசோதனைக்கூடத்து மண்ணைப் பார்ப்பது போல வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"பனை மரத்துப் பதநீரைக் காய்ச்சினா கருப்பட்டி. இதுவும் மரத்துச் சாறைக் காய்ச்சினதுதானே. வெல்லம்னே சொல்லலாம்."

வாய்க்குக் கொண்டுபோனார். அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, நோட்டைச் சுட்டிக்காட்டினார். பேராசிரியர் கையுறையைக் கழற்றி, ஏழாவது தீர்மானத்தின் மேல் கோடு போட்டார். எட்டாவதையும் காட்டினார் அக்கா. அதற்கும் ஒரு கோடு விழுந்தது. பிறகுதான் மணிக்கட்டை விட்டார். பேராசிரியர் கட்டியைக் கடித்து மென்று விழுங்கிய பின் மெதுவாகக் கேட்டார்.

"இது உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"டிசம்பர்லேருந்து. தினம் அந்தத் தாளை நான்தானே கிழிக்கிறேன்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"கூட்டம் கூடத்துல நடந்தது. நான் பஜ்ஜி போட்டுக்கிட்டு இருந்தேன். என்னை யார் கேட்டா?"

பேராசிரியர் என் டிக்கியிலிருந்து தன் பையைத் தானே தூக்கிக்கொண்டுபோய், வேனின் பின்வரிசையில் குக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அக்கா நடுவரிசையில் ஜன்னலோரம் அமர்ந்தார், பக்கத்தில் என் கணவர். முன்னால் குணசீலனுக்கு அருகில் வரைபடத்தோடு நான்.

வேன் நகர்ந்ததும் பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. பேராசிரியர் என் பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்தார். நடுப்பக்கத்தில் வண்டி இன்னும் தரையில் படாமல் பறந்துகொண்டிருந்தது. அட்டையில் பச்சை மசியில் 'எஸ். மணிவாசகம்' என்று அழகாக எழுதியிருந்தார். அவரிடமே பேனாவை வாங்கி, அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன்.